கொழுந்து ஒடிக்கும் கையை அசையும் படமாக்கியது: கோத்தகிரிப் பகுதியிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

நீலகிரி மாவட்டத்தில் கோத்தகிரிக்குக் கீழே, கிழக்குச் சரிவிலுள்ள சில ஊர்களின் சிறு தேயிலை விவசாயிகள் சேர்ந்து ஒரு குழுவாக இயங்குகிறார்கள். உறுப்பினர்களின் பசுந்தேயிலை எல்லாம் ஒரே தொழிற்சாலைக்குப் போகிறது. ஒரு பருவத்தில், கொள்முதல் இடத்தில் சாக்கைக் கொட்டிப் பார்த்து, முற்றிய இலையும் காம்பும் அதிகம் என்று எடையில் கழிப்பது வழக்கமாகிவிட்டது. குழுவின் செயலாளர் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பார்த்தபோது, குறை செடியில் இல்லை என்பதும் பறிக்கும் கையில்தான் என்பதும் தெளிவாகத் தெரிந்தது.

பறிக்கும் கைகள் மாறியிருந்தன. இந்தச் சரிவுகளில் தலைமுறையாகக் கொழுந்து பறித்த பெண்களில் பலர் வேறு வேலைகளுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் இடத்தில் ஜார்க்கண்ட், ஒடிசா, அசாம் மாநிலங்களிலிருந்து வந்த குடும்பங்கள் வேலை செய்கின்றன. மேஸ்திரிக்குத் தமிழும் படுகமும் தெரியும்; புதிதாக வந்தவர்களுக்கு இரண்டும் தெரியாது. இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்ற கணக்கை விரல் காட்டிச் சொல்லிவிடலாம். தண்டு இளசாக ஒடிகிற இடத்தைக் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் எப்படித் தேடிப் பிடிக்கின்றன, மணிக்கட்டு எவ்வளவு திரும்புகிறது என்பதை அப்படிச் சொல்ல முடியாது.

அதனால் செயலாளருக்கு வந்த யோசனை எளிமையானது. நன்றாகப் பறிக்கத் தெரிந்த ஒருவரின் கையைக் கைபேசியில் படம் பிடித்து, ஒலி இல்லாமல், அமுக்காமலே தானாக ஓடி, முடிந்ததும் மறுபடி தொடங்கும் ஜிஃப் படமாக மாற்றி, எல்லா மேஸ்திரிகளின் வாட்ஸ்அப்புக்கும் அனுப்பிவிட வேண்டும் என்றார். மொழி தேவைப்படாத ஒரு பாடத்துக்கு மொழி இல்லாத வடிவத்தைத் தேர்ந்தது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன். குழுவின் கணினி வேலைகளைக் கவனித்து வந்ததால் நான் இதில் தொடக்கம் முதல் உடனிருந்தேன். படம் பிடித்ததும் மாற்றியதும் பெரும்பாலும் செயலாளரின் மகன், கோயம்புத்தூரில் கல்லூரியில் படிக்கும் இளைஞர்.

முதல் படங்களும் அவை போய்ச் சேர்ந்த விதமும்

முதல் படம் மழை விட்ட ஒரு காலையில், மூடுபனி இன்னும் சரிவில் நகர்ந்துகொண்டிருந்தபோது எடுக்கப்பட்டது. பறிப்பவர் இடுப்பில் நீல பிளாஸ்டிக் படங்கு கட்டியிருந்தார். கைபேசியைக் கையில் பிடித்தே எடுத்த எட்டு விநாடிக் காட்சி. அதை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு மாற்றும் தளத்தில் ஏற்றி, அளவு, வேகம் எதையும் மாற்றாமல் இறக்கியபோது, சில மெகாபைட் இருந்த வீடியோ 47 மெகாபைட் ஜிஃப்பாக வந்தது.

அவ்வளவு பெரிய கோப்பை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்ப முடியாததால் ஆவணமாக அனுப்பினார்கள். ஆவணமாகப் போனால் அரட்டையில் அசையாது. கோப்பின் சின்னமும் இறக்கும் அம்புக்குறியும் மட்டுமே தெரியும். சாலையோரத்தில் நிற்பவருக்கு 4ஜி கிடைக்கும் இந்த ஊர்களில், தோட்டம் இருக்கிற பள்ளத்தில் இறங்கினால் சிக்னல் 2ஜிக்குத் தேய்ந்துவிடுகிறது. மேஸ்திரிகளில் சிலர் வீட்டுக்குப் போய் இரவில் இறக்கிப் பார்த்தார்கள், சிலர் பார்க்கவே இல்லை. செடிக்கு முன்னால் நின்று காட்டுவதற்காகச் செய்த படம் செடி இருக்கும் இடத்தில் திறக்கவில்லை.

பார்த்தவர்களிடமிருந்து வந்த முதல் கேள்வி யாரும் எதிர்பாராதது. வயதான உறுப்பினர் ஒருவர் குழுவில் குரல் செய்தி போட்டிருந்தார்: "இதென்ன தம்பி, இலையெல்லாம் கொப்புளம் விழுந்து கிடக்கு, மருந்து அடிக்காத தோட்டத்துலயா படம் எடுத்தீங்க?" மழைக் காலத்தில் இளம் இலையில் வட்டப் புள்ளிகளாக விழும் கொப்புள நோய், தென்னிந்தியத் தேயிலைக்காரர்கள் மிகவும் அஞ்சுகிற நோய்களில் ஒன்று. அந்தச் செடியில் நோய் எதுவும் இல்லை. புள்ளிகள் படத்தில்தான் இருந்தன.

கோப்பு ஏன் பெருத்தது

இந்தக் கேள்வியும் 47 மெகாபைட்டும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்பதால், ஜிஃப் எப்படி வேலை செய்கிறது என்பதைக் குழுவினரோடு உட்கார்ந்து ஒருமுறை பார்த்தோம். இந்த வடிவத்தை 1987-இல் கம்ப்யூசர்வ் நிறுவனம் வெளியிட்டது. 1989-இல் வந்த திருத்தத்தில்தான் ஒவ்வொரு ஃப்ரேமும், அதாவது அசைவை உண்டாக்கும் தனித்தனிப் படம் ஒவ்வொன்றும், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று குறிக்கும் வசதி சேர்ந்தது. நிற்காமல் சுழல வைக்கும் வழக்கம் 1990-களின் நடுவில் நெட்ஸ்கேப் உலாவியோடு வந்தது. வீடியோவுக்காகப் பிறந்த வடிவம் அல்ல. அசைவு அதற்குப் பிறகு ஒட்டவைத்த குணம்.

வீடியோ வடிவங்கள், முந்தைய ஃப்ரேமில் இருந்த கை இந்த ஃப்ரேமில் எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தது என்று மட்டும் எழுதிக்கொள்ளும். ஜிஃப்புக்கு நகர்வு என்பதே தெரியாது. அதற்குத் தெரிந்த ஒரே சிக்கனம், முந்தைய ஃப்ரேமிலிருந்து மாறாத பிக்சலை (படத்தின் மிகச் சிறிய கட்டத்தை) ஒளிபுகும் பிக்சலாக விட்டுவிடுவது. மாறிய பிக்சல் ஒவ்வொன்றையும் அது புதிதாக எழுத வேண்டும். எங்கள் காட்சியில் மாறாத பிக்சல் ஏறத்தாழ எதுவும் இல்லை: மூடுபனி நகர்ந்தது, காற்றில் செடி முழுதும் ஆடியது, இவை போதாதென்று கைபேசி பிடித்த கையும் நடுங்கியது.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் பிரச்சினையின் அளவு தெரியும். 720-க்கு 1280 என்ற அளவில் ஒரு ஃப்ரேமுக்கு 9,21,600 பிக்சல். விநாடிக்கு 30 ஃப்ரேம் வீதம் எட்டு விநாடிக்கு 240 ஃப்ரேம். ஜிஃப்பில் ஒரு பிக்சலுக்கு ஒரு பைட் என்பதால், சுருக்குவதற்கு முன் 22 கோடி பைட். எல்இசட்டபிள்யூ என்ற சுருக்கும் முறை, ஒரே மாதிரி வரிசைகள் திரும்பத் திரும்ப வந்தால் மட்டுமே நன்றாகச் சுருக்கும். இலையும் பனியும் நிறைந்த காட்சியில் அதற்கும் பெரிதாக வேலை இருக்கவில்லை.

இளைஞர் தம் பங்குக்குச் சில திருத்தங்களை முயன்று பார்த்திருந்தார். அவற்றுள் ஒன்று குறிப்பிடத்தக்கது. படம் வழுவழுப்பாக ஓடட்டும் என்று ஒரு ஃப்ரேமின் நேரத்தை விநாடியில் நூறில் ஒரு பங்காகக் குறைத்தார். ஜிஃப்பில் நேரம் அந்த அலகில்தான் எழுதப்படுகிறது; ஆனால் அந்த மிகக் குறைந்த மதிப்பை நம்பாத உலாவிகள், அதைப் பத்து பங்காக எடுத்துக்கொள்கின்றன. வேகமாக ஓட வேண்டிய படம் தூக்கக் கலக்கத்தில் பறிப்பது போல ஓடியதற்கு அதுவே காரணம்.

இலையில் விழுந்த புள்ளிகள்

ஜிஃப்பின் ஒரு வண்ணப் பட்டியலில் 256 வண்ணங்களுக்கு மேல் இடமில்லை. தேயிலைச் செடியின் மேல்தட்டில் பச்சை மட்டுமே பல படிகளில் இருக்கிறது: மொட்டின் வெள்ளி கலந்த வெளிர்பச்சை, முதல் இலையின் மஞ்சள் பச்சை, முற்றிய இலையின் கரும்பச்சை. பறிப்பவர் கண் தேடுவது இந்தப் படிகளுக்கு இடையிலான வேறுபாட்டைத்தான். மொட்டு உறங்கி வளர்ச்சி நின்றுவிட்ட பஞ்சித் தளிரை வளரும் தளிரிலிருந்து பிரித்தறியவும் நிறம் உதவுகிறது.

முதல் படத்தில் அந்த வேறுபாடு அழிந்திருந்தது. பட்டியலின் ஒரு பகுதியை நீலப் படங்கின் மடிப்புகளும், இன்னொரு பெரிய பகுதியைப் பனியின் சாம்பல் படிகளும் எடுத்துக்கொண்டன. எஞ்சிய சில பச்சைகளை வைத்து எல்லா இலையையும் காட்ட வேண்டியிருந்ததால், இல்லாத நிறத்தை இருக்கும் இரண்டு நிறங்களின் புள்ளிகளைக் கலந்து தூவி ஒப்பேற்றும் டிதரிங் என்ற உத்தியை அந்தத் தளம் தானாகவே செய்திருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் நிறம் சரியாகத் தெரியும். கைபேசியில் விரலால் பெரிதாக்கிப் பார்த்தால் இளம் இலையில் கொப்புளம் தெரியும். தேயிலைக்காரர் யாரும் இலையைப் பெரிதாக்காமல் பார்ப்பதில்லை.

டிதரிங்கிலும் வகைகள் உண்டு. ஒரு பிக்சலில் நேர்ந்த நிறப்பிழையைப் பக்கத்துப் பிக்சல்களுக்குப் பகிர்ந்து தள்ளும் ஃபிளாய்ட்–ஸ்டைன்பெர்க் முறை அசையாத படத்தில் அழகாக இருக்கும். அசையும் படத்தில் ஒவ்வொரு ஃப்ரேமிலும் புள்ளிகள் வேறு வேறு இடத்தில் விழுவதால் இலை கொதிப்பது போலத் தெரியும், மாறாத பிக்சலும் மாறியதாகிக் கோப்பு மேலும் பெருக்கும். பேயர் முறையில் புள்ளிகள் நிலையான கட்டத்தில் விழுகின்றன. அழகு குறைவு, ஆனால் அசையாத இடம் அசையாமல் இருக்கும்.

இந்தக் கட்டத்தில் எங்கள் முன் இரண்டு வழிகள் இருந்தன. இருக்கிற காட்சியையே நல்ல மென்பொருளில் போட்டுச் சுருக்கிச் சுருக்கிப் பார்ப்பது ஒன்று. மறுபடி படம் பிடிப்பது இன்னொன்று. முதல் வழியில் எவ்வளவு முயன்றாலும், பனியைக் காப்பாற்றப் பச்சையை இழப்போம், அல்லது பச்சையைக் காப்பாற்றக் கோப்பைப் பெருக்குவோம். பனி இந்தப் பாடத்துக்குத் தேவையே இல்லாத ஒன்று. ஆகவே மறுபடி படம் பிடிப்பது என்று முடிவாயிற்று.

மறுபடியும் படம் பிடித்தது

இம்முறை படம் பிடிக்கும் முன்பே, பார்ப்பவர் எதைப் பார்த்தால் போதும் என்பதை முடிவு செய்தோம்: ஒரு கை, ஒரு தளிர், அது ஒடியும் இடம். மற்ற எதுவும் படச் சட்டத்துக்குள் வரக் கூடாது.

கைபேசியைச் சிறு முக்காலியில் வைத்துப் பூட்டினோம். வெளிச்ச அளவையும் நிறச் சமநிலையையும் தானாக மாறாதபடி நிறுத்தி வைத்தோம். இல்லாவிட்டால் மேகம் கடக்கும்போதெல்லாம் முழுப் படமும் ஒரு படி மங்கி, எல்லாப் பிக்சலும் மாறியதாகக் கணக்காகிவிடும். செடிக்குப் பின்னால் ஒருவர் கறுப்புக் குடையை விரித்துப் பிடித்தார். அது இரண்டு வேலை செய்தது: பனியையும் அடுத்த வரிசைச் செடிகளையும் மறைத்தது, காற்றையும் தடுத்தது. கறுப்பு ஒரே வண்ணம் என்பதால் பட்டியலில் அது அடைக்கும் இடமும் மிகக் குறைவு. மலையில் எல்லார் கையிலும் இருக்கிற குடையைவிட நல்ல பின்திரை எங்களுக்குக் கிடைத்திருக்காது.

கைக்கு உரியவர், ஊரில் மிக நன்றாகப் பறிப்பவர் என்று எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒரு பெண். முகம் வராது, கை மட்டும்தான் என்று சொன்னபோது, "முகம் வேண்டாம், சரி. ஆனா கை என்னோடதுன்னு எல்லாருக்கும் சொல்லிடுங்க" என்றார். முன்னங்கையில் குத்தியிருந்த பச்சையைப் பார்த்தே ஊரில் எல்லாரும் கண்டுகொள்வார்கள் என்பதையும் அவரிடம் சொல்லி, சம்மதம் கேட்டே எடுத்தோம்.

வேகம் குறித்து ஒரு சிக்கல் எழுந்தது. பழகிய கை ஒரு தளிரை எட்டி, ஒடித்து, உள்ளங்கைக்குத் தள்ளுவது ஒரு விநாடிக்குள் முடிந்துவிடுகிறது. விநாடிக்குப் பத்து ஃப்ரேமில் ஒடியும் கணம் இரண்டு ஃப்ரேமுக்கு நடுவில் தொலைந்துபோகும். மெதுவாகப் பறித்துக் காட்டும்படி இளைஞர் கேட்டார். அந்தப் பெண் ஒருமுறை செய்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்: "மெதுவாப் பறிச்சா ஒடியாது தம்பி, கிழியும்." தண்டைப் பார்த்தோம், கிழிந்துதான் இருந்தது, பட்டை நார் தொங்கியது. பறித்தவரை மெதுவாக்குவதற்குப் பதில் படத்தை மெதுவாக்குவது என்று தீர்மானித்து, கைபேசியின் விநாடிக்கு 120 ஃப்ரேம் எடுக்கும் வசதியில் அவருடைய வழக்கமான வேகத்திலேயே எடுத்தோம்.

அதிலிருந்து முக்கால் விநாடியை மட்டும் வெட்டி, மூன்று ஃப்ரேமுக்கு ஒன்று வீதம் எடுத்தால் 30 ஃப்ரேம் கிடைக்கும். அவற்றை விநாடிக்குப் பத்து வீதம் ஓட்டினால், நடந்ததைவிட நான்கு மடங்கு மெதுவாக, மூன்று விநாடி ஓடும். கையையும் தளிரையும் மட்டும் வைத்து 400-க்கு 400 என்ற சதுரமாக வெட்டினோம். சுருக்குவதற்கு முன் இதன் அளவு 48 லட்சம் பைட். முதல் படத்தின் 22 கோடியோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 46-இல் ஒரு பங்கு. இதில் எந்த மென்பொருளின் சாமர்த்தியமும் இல்லை. வேண்டாததை எடுக்காததால் வந்த மிச்சம் இது.

மாற்றும் வேலையை இணையத் தளத்தில் செய்யாமல், எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளில் எங்கள் கணினியிலேயே செய்தோம். ஒருவரின் கை தெரியும் காட்சியை அறியாத தளத்தில் ஏற்ற வேண்டாம் என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம், அந்த மென்பொருள் இரண்டு நடையாக வேலை செய்யும் என்பது: முதல் நடையில் இந்தக் காட்சிக்கு மட்டுமே உரிய 256 வண்ணப் பட்டியலை, அசையும் பகுதிகளுக்கு அதிக முக்கியத்துவம் தந்து தயாரிக்கச் சொல்லலாம், இரண்டாம் நடையில் அந்தப் பட்டியலைக் கொண்டு மாற்றலாம். நீலப் படங்கும் பனியும் இல்லாத காட்சியில் பட்டியல் ஏறக்குறைய முழுவதும் பச்சைக்கும் தோலின் நிறத்துக்கும் கிடைத்தது. பேயர் டிதரிங்கை மிகக் குறைந்த அளவில் வைத்தோம். வந்த ஜிஃப் 1.1 மெகாபைட். பெரிதாக்கிப் பார்த்தாலும் இலையில் கொப்புளம் இல்லை.

திரும்பத் திரும்ப ஓடும் படத்தின் சிக்கல்

கோப்பு சிறிதானதும் வேறொரு பிரச்சினை கண்ணில் பட்டது. படம் முடிந்து மறுபடி தொடங்கும் இடத்தில், ஒடித்த தளிர் அடுத்த நொடி செடியிலேயே இருந்தது. முதலில் பார்த்தவர்கள் சிரித்தார்கள். இளைஞர் அந்தத் தாவலை மறைக்க, படத்தை முன்னும் பின்னுமாக ஓட விட்டார்; சமூக ஊடகங்களில் பலருக்கும் பழகிய உத்திதான். பார்க்க வழுவழுப்பாக இருந்தது. ஆனால் அதில் கை தளிரைக் கொண்டுவந்து தண்டில் வைத்து அழுத்திவிட்டுப் போனது. தேயிலையே பார்த்திராத ஒருவருக்கு, அந்தப் படத்தின் பாதி நேரம் நடக்காத ஒரு செயலைக் கற்றுத்தருகிறது. அழகுக்காகச் சுழலும் படத்தில் இது குற்றமில்லை. கைவேலை காட்டும் படத்தில் இதை அனுமதிக்க முடியாது என்று சொல்லி நீக்கினோம்.

பதிலாக, தாவலை மறைக்காமல் தெளிவாகக் காட்டுவது என்று முடிவு செய்தோம். ஒடித்த தளிர் உள்ளங்கையில் தளர்வாகக் கிடக்கும் கடைசி ஃப்ரேமை ஒன்றரை விநாடி நிற்க வைத்தோம். ஃப்ரேமுக்கு ஃப்ரேம் நேரத்தை மாற்றலாம் என்பது ஜிஃப்பில் இருக்கிற, பலரும் பயன்படுத்தாத நல்ல வசதி; நின்ற ஃப்ரேமால் கோப்பு ஒரு பைட்டும் கூடுவதில்லை. அந்த ஒன்றரை விநாடியில் பார்ப்பவர் இரண்டு இலையையும் மொட்டையும் எண்ணிவிடலாம். கை இறுக மூடவில்லை என்பதும் தெரியும். தளிரைப் பொத்திப் பிடித்தால் நசுங்கிச் சூடேறி, தொழிற்சாலைக்குப் போகும் முன்பே சிவக்கத் தொடங்கிவிடும் என்பதால், அந்தத் தளர்வான உள்ளங்கையும் பாடத்தின் பகுதிதான்.

தவறான முறைக்கும் ஒரு படம்

சரியான முறையோடு தவறான முறையையும் காட்டலாம் என்று குழுவில் சிலர் விரும்பினார்கள். நகத்தால் கிள்ளி, கொத்தாக இழுத்துப் பறிப்பதையும் அதே குடை, அதே முக்காலியோடு எடுத்து, தனி ஜிஃப்பாக, கீழே செய்தியில் விளக்கத்தோடு அனுப்பினோம். இரண்டொரு நாளில் அந்தப் படம் விளக்கம் இல்லாமல், பக்கத்து ஊர்க் குழு ஒன்றில் பறிப்பு முறை என்ற பெயரில் சுற்றிக்கொண்டிருந்தது. வாட்ஸ்அப்பில் படம் ஒரு வழியாகவும் அதன் விளக்கம் இன்னொரு வழியாகவும் போய்விடும். படத்துக்குள்ளேயே எல்லா ஃப்ரேமிலும் சிவப்புப் பெருக்கல் குறி போடலாமா என்று பேசினோம். பழைய கோப்புகள் ஏற்கெனவே வெளியே போய்விட்ட நிலையில், தவறான முறைப் படங்களை முற்றிலும் நிறுத்துவதே நல்லது என்று குழு தீர்மானித்தது. எனக்கும் அதில் உடன்பாடு.

எந்த இடத்துக்கு எந்த வடிவம்

புதிய ஜிஃப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் நான் இன்னொன்றைச் சோதித்தேன். வந்து சேர்ந்த கோப்பு ஜிஃப்பாக இல்லை. எம்பி4 என்ற வீடியோ வடிவமாக மாறியிருந்தது. வாட்ஸ்அப் ஜிஃப் என்று காட்டுவது உண்மையில் ஒலியில்லாமல் சுழலும் வீடியோ. அப்படியானால் நாங்கள் அக்கறையோடு 256 வண்ணத்துக்குக் குறைத்த படத்தை அது மறுபடி வீடியோவாகச் சுருக்குகிறது: இரண்டு தடவை இழப்பு. வெட்டிய மூலக் காட்சியையே அனுப்பும்போது, திருத்தும் திரையில் ஜிஃப் என்ற பொத்தானைத் தேர்ந்தால், வண்ணம் குறையாமல் அதே போல் தானாக ஓடுகிறது. காட்சி சில விநாடிகளுக்குள் இருந்தால்தான் அந்தப் பொத்தான் தெரியும் என்பது எங்களுக்குத் தடையாக இல்லை.

குழுவின் இணையப் பக்கத்திலும் இதே முடிவு. அதே காட்சி எம்பி4 ஆக 200 கிலோபைட்டுக்குக் கீழே நின்றது. ஒலியை அணைத்து, தானாக ஓடி, சுழலும்படி பக்கத்தில் பதிக்க முடியும். நிறுத்தும் பொத்தானும் வைக்க முடிந்தது. இணைய அணுகல் வழிகாட்டுதல்கள், தானாகத் தொடங்கி ஐந்து விநாடிக்கு மேல் மற்ற உள்ளடக்கத்தோடு சேர்ந்து அசையும் எதையும் பார்ப்பவர் நிறுத்த வழி இருக்க வேண்டும் என்கின்றன. நிற்காமல் சுழலும் ஜிஃப்பில் அந்த வழி இயல்பாக இல்லை.

உண்மையான ஜிஃப் தேவைப்பட்ட இடம் ஒன்று மிஞ்சியது: மின்னஞ்சல். தொழிற்சாலை அலுவலகத்துக்கு அனுப்பியபோது, அங்கிருந்த பழைய அவுட்லுக் என்ற மின்னஞ்சல் மென்பொருளில் முதல் ஃப்ரேம் மட்டும் தெரிந்தது. அந்த ஃப்ரேமில் கை வெறுமனே செடிக்கு மேலே நின்றது. எதற்கு இந்தப் படம் என்று தொலைபேசியில் கேட்டார்கள். நிறுத்தி வைத்த கடைசி ஃப்ரேமை எடுத்து முதலில் வைத்தோம். சுழலும் படத்தில் கடைசியும் முதலும் பக்கத்துப் பக்கம்தான் என்பதால் ஓட்டத்தில் வேறுபாடு இல்லை. அசையாத இடத்தில் பார்ப்பவருக்கும் இரண்டு இலையும் மொட்டும் உள்ளங்கையும் கிடைத்துவிடும்.

விளைவு

சிறிய படங்கள் பள்ளத்திலும் திறந்தன. மேஸ்திரிகள் புதிதாக வந்தவர்களிடம் செடிக்குப் பக்கத்தில் கைபேசியை நீட்டி, தளிரைக் காட்டி, மறுபடி கைபேசியைக் காட்டி விளக்குவதைச் செயலாளர் பல தோட்டங்களில் பார்த்தார். அவ்வாறு காட்டும்போது நின்ற ஃப்ரேம்தான் அதிகம் பயன்பட்டது என்று மேஸ்திரிகள் சொன்னார்கள். அசைவைவிட அந்த நிறுத்தம் அவர்களுக்கு உதவியது.

ஒரு பக்க விளைவும் தெரிந்தது. புதிதாக வந்த சிலர், படத்தில் கண்ட அந்த நான்கு மடங்கு மெதுவான வேகத்திலேயே பறிக்க முயன்றார்கள், தண்டு கிழிந்தது. எழுத்துப் போட்டுச் சொல்ல மொழி இல்லை. ஆகவே மெதுவான ஓட்டத்துக்கு முன்னால் அதே செயலை உண்மை வேகத்தில் ஒருமுறை ஓட விட்டோம். விநாடிக்கு 120 வீதம் எடுத்த ஃப்ரேம்களில் பன்னிரண்டுக்கு ஒன்று எடுத்தால் முக்கால் விநாடிக்கு எட்டு ஃப்ரேமுக்கு மேல் ஆகாது. கோப்பு சிறிதளவே கூடியது. வேகமாக ஒன்று, மெதுவாக ஒன்று என்று பார்த்ததும், பார்ப்பவர்கள் தாங்களாகவே இரண்டும் ஒரே செயல் என்று புரிந்துகொண்டார்கள்.

அந்தப் பருவத்தின் பிற்பகுதியில் எடைக் கழிவு குறைந்தது. அதைப் படங்களின் வெற்றியாக எழுத மாட்டேன். அதே மாதங்களில் பறிப்புச் சுற்றின் இடைவெளியையும் குழு குறைத்தது. இடைவெளி குறைந்தால் முற்றிய இலை தானாகவே குறையும். படங்களால் நேர்ந்தது என்று உறுதியாகச் சொல்லக்கூடியது, மேஸ்திரிகள் ஒவ்வொரு புதிய ஆளிடமும் கத்திக் கத்திச் சொல்ல வேண்டியிருந்த நிலை தளர்ந்தது என்பது மட்டுமே.

அடுத்த முறை மாறுபவை

குழு அடுத்து, செடியின் கிளைகளை வெட்டிவிடும் கவாத்துக்கு இதே போல் படங்கள் வேண்டும் என்று கேட்டிருக்கிறது. தென்னிந்தியத் தோட்டங்களில் நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை செய்யும் வேலை அது. தப்பாக வெட்டினால் அடுத்த சுற்று வரை செடி அதைச் சுமக்கும். இதில் கத்தியின் ஒரு வீச்சை மட்டும் சுழலும் படமாக்கலாம். எந்தக் கிளையை விடுவது, எந்த உயரத்தில் நிறுத்துவது, காய்ந்த பகுதியை எதுவரை நீக்குவது என்பவை பார்த்துத் தீர்மானிக்க வேண்டியவை. அவற்றை மூன்று விநாடியில் அடைக்க முயல வேண்டாம் என்றும், ஒலியோடு நீண்ட வீடியோவாக, தமிழிலும் இந்தியிலும் பேசி எடுக்கலாம் என்றும் சொல்லியிருக்கிறேன்.

படம் பிடிக்கும் நாளை வானத்தைப் பார்த்துத் தேர்வது இன்னொரு மாற்றம். கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் வலுவாகப் பெய்யும் என்பதால், அந்த மாதங்களில் குடையும் போதாது. லேசாக மேகம் மூடிய, காற்றில்லாத முற்பகல்தான் இந்த வேலைக்கு ஏற்றது; வெயில் நேராக அடித்தால் இலையின் மெழுகுப் பரப்பு வெள்ளையாக மின்னி, பச்சையின் படிகளைத் தின்றுவிடுகிறது.

மூலக் காட்சிகளைப் பாதுகாப்பது மூன்றாவது. உண்மை வேக ஓட்டத்தைச் சேர்க்க வேண்டி வந்தபோது, 120 ஃப்ரேம் மூலம் இளைஞரின் கைபேசியில் இடம் போதாமல் அழிக்கப்பட்டிருந்தது; வாட்ஸ்அப்பில் போன பிரதியில் அத்தனை ஃப்ரேம்கள் இல்லை. நல்ல வேளையாக, குடை பிடித்தவரின் கைபேசிக்கு அன்றே ஒரு பிரதி நேரடியாக மாற்றப்பட்டிருந்தது. இப்போது எல்லா மூலங்களும் குழு அலுவலகக் கணினியிலும் தனியாக ஒரு பென்டிரைவிலும் வைக்கப்படுகின்றன. கோப்பின் பெயரிலேயே தேதியும், எடுத்த வேகமும், கைக்கு உரியவர் சம்மதம் தந்த விவரமும் எழுதப்படுகின்றன.